சூடாமணியின் கைராசி

சூடாமணிக்கு மீன் வாசனையே ஆகாது. எங்கள் கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்த புதிதில், பாட்டிலுக்குள் மிதந்த சுறாக்குட்டியைத் தூசி தட்டி வைக்கச் சொன்னதற்கு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடி வந்தவள். அப்படிப்பட்டவள் ஒருநாள் கடல் பூச்சிகளுக்காகக் கண்ணீர் விடுவாள் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், போய் வேறு வேலை இருந்தால் பாருங்கள் என்று துரத்தியிருப்பேன்.

என் பெயர் ரோகிணி. எதிர் அறையில் இருக்கும் வேதியியல் ஸ்டோருக்கு நான்தான் பொறுப்பு. அமிலமோ உப்போ கண்ணாடிக் குடுவையோ, எது வேண்டுமானாலும் என்னிடம் வந்துதான் நிற்க வேண்டும். நிற்கிறவர்களை நான் சும்மா விடுவதுமில்லை. வாய் நீளம் என்று பெயர் வாங்கியிருக்கிறேன், அதில் எனக்கு வருத்தமும் இல்லை. சூடாமணி எனக்கு நேர்மாறு. அவள் பேசுவதே காதில் விழாது. வீட்டுக்குப் போன் செய்து தன் தாய்மொழியான சௌராஷ்டிராவில் பேசும்போது மட்டும் குரல் கொஞ்சம் உயரும். அதுவும் எனக்குப் புரியாது.

மதுரையின் அந்தக் கோடி வில்லாபுரத்திலிருந்து கிளம்பி, பெரியார் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, பரவை மார்க்கெட் நெரிசலைத் தாண்டி வர வேண்டும். ஆனாலும் எல்லோருக்கும் முன்னால் வந்திருப்பாள். வந்ததும் முதல் வேலை குடம் தேய்ப்பது. அவள் கல்யாணச் சீரில் வந்த செம்புக் குடம் அது. வீட்டில் ஓரகத்தி பெரிய ஸ்டீல் டிரம் வாங்கிவிட்டதால் பரணுக்குப் போக இருந்ததை இங்கே தூக்கி வந்து, ஆய்வகத்துக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் அறையில் வைத்திருந்தாள். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தாள் என்றால் அதில் முகம் பார்க்கலாம். ராத்திரி முழுக்கச் செம்பில் கிடந்த தண்ணீர்தான் தண்ணீர், மற்றதெல்லாம் சும்மா என்பது அவள் கட்சி. வராந்தாவில் இருக்கும் ஆர்.ஓ. மெஷினில் நான் தண்ணீர் பிடிப்பதைக் கண்டால், ஐயோ பாவம் என்று ஒரு பார்வை பார்ப்பாள்.

வீட்டில் அவளுக்கு ராசியில்லாதவள் என்று பெயர். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மூன்று தடவை கரு உண்டாயிற்று, மூன்றும் தங்கவில்லை. கணவர் ஸ்ரீனிவாஸ் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். நல்ல மனுஷன். கடையில் நாள் முழுக்கப் பேசுகிற வாய் வீட்டில் மட்டும் திறக்காது. ஓரகத்தியின் மகள் ஸ்ரீவர்ஷினிக்கு வளைகாப்பு நடந்தபோது, வளையல் தட்டைத் தூக்கப் போன சூடாமணியின் கையிலிருந்து அதை வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்தார்கள். யாரும் திட்டவில்லை. சிரித்த முகத்தோடுதான் வாங்கினார்கள். அவள் என்னிடம் இதைச் சொன்ன அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த பீக்கரைச் சுவரில் அடித்திருப்பேன், ஸ்டோர் சாமானாகப் போயிற்று.

கல்லூரியில் கதை தலைகீழ். இங்கே அவள் கை பட்டால் எதுவும் பிழைக்கும். வாடிப்போன செடியை அவள் ஜன்னலோரம் வைத்தால் ஒரு வாரத்தில் இலை விடும். தொட்டியில் மீன் சுணங்கினால் பிள்ளைகள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். "அக்கா, நீங்க ஒரு தடவ தீனி போட்டு விடுங்கக்கா" என்று பரீட்சைக்கு முன்னால் ஆசீர்வாதம் வாங்குவது போல வந்து நிற்பார்கள். கோச்சடையில் என் வீட்டில் எத்தனை தடவை வைத்தும் பிழைக்காத கறிவேப்பிலைக் கன்று அவள் வந்து நட்டதும் பிடித்துக்கொண்டது. கைராசி என்று முதலில் சொன்னது நான்தான். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். சந்தோஷமா, பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த ஆய்வகத்துக்குத்தான் ஆயிஷா சித்திகா வந்து சேர்ந்தாள். முனிச்சாலைப் பக்கத்துப் பெண். அவள் அத்தா அப்துல் ஹலீம் அங்கே செருப்புக்கடை வைத்திருக்கிறார். பேராசிரியர் வெங்கடசுப்பிரமணியன் சாரிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்து, கடலோர ஊரான மண்டபம் பக்கத்திலிருக்கும் தன் மாமு வீட்டுக்குப் போய், கேன் கேனாகக் கடல் தண்ணீரும், பாசியோடு சேர்த்து அள்ளிய சின்னச் சின்னப் பூச்சிகளும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தாள். இறால் வகையறாதான், ஆனால் அரிசி அளவு. முதுகு வளைந்து கூன் போட்டிருக்கும். கருவாட்டுக் கடையில் கூனி என்று விற்கிறார்களே, அதற்குத் தூரத்துச் சொந்தம். அதனால் நாங்கள் எல்லோரும் இதையும் கூனி என்றே சொன்னோம்.

"கடலே இல்லாத மதுரையில ஒக்காந்து கடல் பூச்சிக்கு வைத்தியமா?" என்று கேட்டேன்.

"வைத்தியம் இல்ல மேடம். என்ன நோய்னுதான் பாக்கப் போறேன்" என்றாள் சித்திகா.

படகின் அடியில் பூசும் பெயின்டிலிருந்தும், கரையோர ஆலைகளின் கழிவிலிருந்தும் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கடலில் கரைகிறது. கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. அந்தத் துளியளவு செம்பு இந்தக் கூனிகளை என்ன செய்கிறது என்பதுதான் அவள் கேள்வி. இதைத் தின்றுதான் மீன் வளர்கிறது, மீனைத் தின்றுதான் நாம் வளர்கிறோம், அதனால் கேள்வி சின்னதில்லை என்று சார் எனக்கு விளக்கினார். என் ஸ்டோரிலிருந்து மயில்துத்தம் கேட்டு எழுதிக் கொடுத்தார். நாட்டுமருந்துக் கடையில் நீலக் கல்லாகக் கிடக்குமே, அதேதான். செம்பின் உப்பு. எடை போட்டுக் கொடுத்தேன்.

வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் நீலக் கரைசல் வெவ்வேறு அளவில் சொட்டு சொட்டாக விழும். ஒரே ஒரு தொட்டியில் மட்டும் எதுவும் விழாது, வெறும் கடல் தண்ணீர். அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். அதிலிருக்கும் கூனிகள் செழிப்பாக இருந்தால்தான் மற்றத் தொட்டிகளில் நடப்பதெல்லாம் செம்பால் நடக்கிறது என்று சொல்ல முடியும். கன்ட்ரோல் செத்தால் சித்திகாவின் ஆராய்ச்சியும் செத்த மாதிரிதான்.

முதல் நாள் சித்திகா லென்ஸுக்கு அடியில் ஒரு கூனியை வைத்து சூடாமணியைக் கூப்பிட்டுக் காட்டினாள். தாய்க்கூனி. நெஞ்சுக்கு அடியில் பை மாதிரி ஒரு மடிப்பு, அதற்குள் முட்டைகள். குஞ்சு பொரித்து வெளியே போகும்வரை தாய் அங்கேயே சுமக்கும், காலை ஆட்டி ஆட்டி முட்டைக்குப் புதுத் தண்ணீர் அனுப்பிக்கொண்டே இருக்கும். சூடாமணி லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. மீன் வாசனைக்கு மூக்கைப் பொத்துகிறவள், அன்றைக்கு மூச்சு விடுவதையே மறந்து நின்றாள்.

"வயித்துலயே வச்சுக்கிட்டு இம்புட்டு வேகமா நீந்துதே" என்றாள்.

"அக்கா, இந்த ஒரு தொட்டிய மட்டும் நீங்க பாத்துக்கங்க" என்று கன்ட்ரோலைக் காட்டினாள் சித்திகா. "தண்ணி மாத்துறது உங்க பொறுப்பு. இது ரொம்ப ரொம்பச் சுத்தமா இருக்கணும். உங்க கைராசிய நம்பித்தான் விடுறேன்."

"நான் பாத்துக்கிறேன் பாப்பா" என்றாள் சூடாமணி. வளையல் தட்டைக் கையில் கொடுத்த மாதிரி அவளுக்கு இருந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் யாருக்கும் புரியவில்லை.

ஒரு வாரம் முடிவதற்குள் கன்ட்ரோல் தொட்டியின் அடியில் முட்டைகள் உதிர்ந்து கிடந்தன. தாய்கள் உயிரோடு இருந்தன, மடிதான் காலி. அடுத்த சில நாளில் தாய்களும் ஒவ்வொன்றாக ஒதுங்கிச் சாய்ந்தன. பக்கத்துத் தொட்டியில், என் மயில்துத்தம் சொட்டிய தொட்டியில், கூனிகள் சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்தன. விஷம் போட்டது பிழைக்கிறது, போடாதது சாகிறது. இது எந்த ஊர் நியாயம்?

சித்திகா தண்ணீரில் உப்பு சரியா என்று பார்த்தாள், சரியாக இருந்தது. சூடு பார்த்தாள், அதுவும் சரி. கூனிகளின் கழிவு தண்ணீரில் சேர்ந்துவிட்டதா என்று நானே வந்து சோதித்துக் கொடுத்தேன், இல்லை. தொட்டியில் சோப்பு மிச்சம் இருந்திருக்கும் என்று புதுத் தொட்டி மாற்றினார்கள். சரஸ்வதி பூஜைக்குப் போட்ட சாம்பிராணிதான் காரணம் என்றார் வாட்ச்மேன். ஏ.சி. காற்று நேரே படுகிறது என்றார் இன்னொருவர். பல்லி எச்சம் என்று ஒரு கட்சி. தொட்டியை இடம் மாற்றி, மூடி போட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். மறுபடியும் முட்டை உதிர்ந்தது. கேனில் வந்த கடல் தண்ணீரிலேயே கோளாறு இருக்கும் என்று அதில் ஒரு பாட்டில் சென்னைக்கு அனுப்பினார் சார். சுத்தமான தண்ணீர் என்று பதில் வந்தது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அவருக்கு ஒன்றும் பிடிபடாதபோது அதைத்தான் செய்வார்.

சூடாமணி இன்னும் சீக்கிரம் வரத் தொடங்கினாள். கையை முழங்கை வரை கழுவிக்கொண்டுதான் தொட்டி பக்கமே போவாள். குடம் தேய்ப்பதும் கூடிப் போயிற்று. கழுவும் அறையிலிருந்து வரட் வரட்டென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒருநாள் அவள் நகக்கண்ணில் பச்சை ஒட்டியிருந்தது. "குடத்தையே தேச்சு ஓட்ட போட்டுருவ போல" என்று கேலி செய்தேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் கொழுந்தன் கல்யாணம் வந்தது. ஒரு வாரத்துக்கு மேல் லீவு போட்டாள். சித்திகா புதிதாக ஒரு கூட்டம் கூனிகளைக் கொண்டுவந்து, கன்ட்ரோலுக்குத் தானே தண்ணீர் மாற்றினாள்.

ஒரு கூனி சாகவில்லை. முட்டை ஒன்றுகூட உதிரவில்லை. மடியிலிருந்து குஞ்சுகள் வெளியே வந்து, புள்ளி புள்ளியாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு திரிந்தன.

சித்திகா என் ஸ்டோருக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். சந்தோஷப்பட வேண்டிய பெண்ணின் முகம் செத்துப் போயிருந்தது.

"மேடம், அக்கா இல்லாதப்ப மட்டும் எல்லாம் நல்லா இருக்கு. இத யார்கிட்ட எப்படிச் சொல்ல? எனக்கே ஒரு மாதிரி நெனப்பு ஓடுது. தௌபா, நான் போய் அப்படியெல்லாம் நெனைக்கலாமா?"

"நெனைக்காத. அவ கைல விஷமா ஒட்டியிருக்கு? வேற என்னமோ இருக்கு" என்றேன்.

"என்னது மேடம்?"

எனக்கு எப்படித் தெரியும்? எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தது அன்றைக்கு உதவவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ராத்திரி தூக்கம் வராமல் புரண்டபோது என் வீட்டுக் கறிவேப்பிலை இந்த வருடம் ஏன் இலை சுருண்டிருக்கிறது என்று ஒரு கணம் யோசித்தேன். யோசித்ததற்காக என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

சூடாமணி லீவு முடிந்து வந்தாள். கையில் கல்யாண மருதாணி. நேரே தொட்டிக்குப் போய்க் குஞ்சுகளைப் பார்த்தாள். முதலில் முகம் மலர்ந்தது. பிறகு, "எப்பப் பொரிச்சது?" என்று கேட்டாள். சித்திகா தலையைக் குனிந்துகொண்டாள். சூடாமணி தொட்டியிலிருந்து இரண்டடி பின்னால் தள்ளி நின்றாள். வளைகாப்பு வீட்டில் நடந்த அதே விஷயம், அதே மாதிரி சத்தமே இல்லாமல் இங்கேயும் நடந்தது.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் என் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். அவள் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்லதான் அப்படின்னு இருந்தேன்க்கா. இங்க வந்தா வேற மாதிரி இருந்துச்சு. அதான் ஓடி ஓடி வந்தேன். இங்கயும் அதேதானா?"

"பைத்தியம் மாதிரி பேசாதடி."

"அப்ப ஏன்க்கா முட்ட தங்க மாட்டேங்குது?"

சாப்பிடு சாப்பிடு என்று அவளை அதட்டிவிட்டு நானும் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

சார் அவளைக் கூப்பிட்டார். திட்டுகிற மனிதர் இல்லை. "சூடாமணி, உங்க மேல குத்தம்னு யாரும் சொல்லல. ஆனா அந்தப் பொண்ணுக்கு நாள் போய்க்கிட்டே இருக்கு. நீங்க கொஞ்ச நாளைக்கு எக்ஸாம் செக்‌ஷன்ல இருங்களேன்" என்றார். கொஞ்ச நாள் என்றால் எங்கள் கல்லூரியில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே போனவர்கள் திரும்பியதில்லை.

சூடாமணி அதுவரை யாரிடமும் எதையும் கேட்டுப் பெற்றவளில்லை. அன்றைக்குக் கேட்டாள். "சார், இன்னும் ஒரு தடவ மட்டும் நானே பாத்துக்கிறேன் சார். இந்தத் தடவையும் முட்ட விழுந்துச்சுன்னா நானே போயிர்றேன். வேலையை விட்டே போயிர்றேன்." சார் சித்திகாவைப் பார்த்தார். சித்திகா யோசித்தது ஒரு நிமிஷம் இருக்கும். அதற்குள் அவள் மனதில் என்னவெல்லாம் ஓடியதோ. சரி என்று தலையாட்டினாள். அந்தப் பெண் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

புதுக் கூனிகள் வந்தன. சூடாமணி பொட்டுத் தண்ணீர் சிந்தாமல் வேலை பார்த்தாள். வெள்ளிக்கிழமை விரதம் இருந்தாள். நான் கேட்டபோது தனக்காக என்றாள், கூனிக்காக என்பது எனக்குத் தெரியாதா. முட்டை சுமந்த தாய்கள் நான்கைந்து நாள் நன்றாகத்தான் ஓடின. ஆறாவது நாள் காலையில் நான் மாடியேறும்போதே ஆய்வகத்தில் விளக்கு எரிந்தது, ஆனால் குடம் தேய்க்கும் சத்தம் இல்லை. உள்ளே போனால் தொட்டியின் முன்னால் சூடாமணி நிற்கிறாள். அடியில் உதிர்ந்த முட்டைகள் கிடக்கின்றன. அவள் மூக்கு நுனி சிவந்திருந்தது. தோளில் ஏற்கெனவே பையை மாட்டியிருந்தாள்.

"போறேன்க்கா" என்றாள்.

"எங்கடி போற? இருடி" என்றேன். படி ஏறிய மூச்சிரைப்பில் எனக்குத் தண்ணீர் தவித்தது. வராந்தாவில் ஆர்.ஓ. மெஷின் ரிப்பேராகிக் கிடந்தது. கழுவும் அறைக்குள் போனேன். மூலையில் அவள் குடம், மேலே தட்டு போட்டு மூடியிருந்தது. ஒருநாள்கூட நான் அதில் தண்ணீர் குடித்ததில்லை. போகிறவள் குடத்தில் ஒரு வாய் குடிப்போம் என்று தட்டை நகர்த்தி, டம்ளரில் மொண்டு வாயில் ஊற்றினேன்.

அப்படியே துப்பினேன். உப்பு. வெறும் உப்பு இல்லை, காசை வாயில் போட்ட மாதிரி ஒரு கசப்பு.

"சூடா, என்னடி இது தண்ணி, இப்படிக் கரிக்குது?"

அவள் பதறி ஓடி வந்தாள். "ஐயோ, அதையா குடிச்சீங்க? அது கூனித் தண்ணிக்கா. கூனி வந்ததுல இருந்து நான் குடிக்கிறது பாட்டில்லதான்."

"கூனித் தண்ணிய எதுக்குக் குடத்துல ஊத்தி வச்சிருக்க?"

"நேத்து சாயங்காலம் ஊத்துனது. இன்னைக்குத் தொட்டிக்கு மாத்தணும்ல. கேன் தண்ணில ஒரு வாடை அடிக்குது. ராத்திரி பூரா செம்புல கெடந்தா சுத்தமாயிருது. அழுக்க எல்லாம் செம்பு இழுத்துக்கிரும்க்கா. காலைல பாருங்க, கடல் அழுக்கு எம்புட்டுப் பச்சையா ஓரத்துல ஒட்டியிருக்குன்னு. அதத்தான் நான் தெனமும் தேச்சுத் தேச்சுக் கழுவுறேன்."

வாசலில் சித்திகா நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ, கையில் சொட்டுக்குழாய்.

"அக்கா, இந்தத் தண்ணி எந்தத் தொட்டிக்கு ஊத்துவீங்க?"

"கன்ட்ரோலுக்கு மட்டுந்தான் பாப்பா. மத்ததுல எப்படியும் நீ மருந்து விடப் போற, அதுக்கு எதுக்கு இம்புட்டு மெனக்கெடணும்? நீதான சொன்ன, இது ரொம்பச் சுத்தமா இருக்கணும்னு."

"மொதல்ல இருந்தே இப்படித்தானா? ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?"

சூடாமணி விழித்தாள். அரிசியைக் களைந்துதான் உலை வைத்தேன் என்று யாராவது சொல்லிக்கொண்டு திரிவார்களா? அவளுக்கு அது அப்படி. நல்ல தண்ணீர் வேண்டும் என்றால் செம்பில் ஊற்றி வைக்க வேண்டும், இதில் சொல்ல என்ன இருக்கிறது?

சித்திகா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்த்தால் இரண்டும் இல்லை. "அக்கா, நான் சொட்டுச் சொட்டா விடுறனே, அந்த மருந்தே செம்புதான்க்கா" என்றாள்.

சூடாமணி சொட்டுக்குழாயிலிருந்த நீலக் கரைசலைப் பார்த்தாள். சிவந்து மின்னும் தன் குடத்தைப் பார்த்தாள். இரண்டும் ஒன்று என்று சொன்னால் எப்படி நம்புவது? நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்? மயில்துத்தத்தை எடை போட்டுக் கொடுத்தவளும் நான்தான், அவள் நகத்தில் பச்சையைப் பார்த்துச் சிரித்தவளும் நான்தான். உப்புத் தண்ணீர் செம்பை அரிக்கும் என்பது முதல் வருடப் பாடம்.

அன்று மாலைக்குள் குடத்துத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தோம். சித்திகாவின் எந்தத் தொட்டியிலும் அவ்வளவு செம்பு இல்லை. தேய்க்கத் தேய்க்கப் புதுச் செம்பு வெளியே தெரியும், உப்புத் தண்ணீரில் இன்னும் அதிகமாக இறங்கும். அவள் பாசத்தோடு அழுத்தித் தேய்த்த நாள்களில்தான் அதிகம் செத்திருக்கின்றன. இதை நான் சூடாமணியிடம் சொல்லவில்லை. வாய் நீளமானவள்தான், ஆனால் அன்றைக்கு அடக்கிக்கொண்டேன்.

"அப்ப என் கை இல்லையா?" என்று மட்டும் அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"இல்லக்கா, கொடந்தான்" என்று சித்திகாவும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சார் கண்ணாடியைத் துடைக்காமலேயே முழுவதையும் கேட்டார். "நானே அந்தக் கொடத்த எத்தன தடவ பாத்திருக்கேன்" என்று முனகிவிட்டு, எக்ஸாம் செக்‌ஷன் பேச்சை அதோடு விட்டார். தண்ணீர் வைக்க ஒரு பெரிய கண்ணாடி ஜாடியை என் ஸ்டோரிலிருந்து கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் கன்ட்ரோல் தொட்டியில் முட்டைகள் தங்கின. குஞ்சுகள் வந்த அன்று லென்ஸுக்கு அடியில் ஒரு தாயை வைத்து, சித்திகாவும் சூடாமணியும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் ஆளுக்கொரு லட்டு வாங்கி வந்திருந்தேன்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்றுதான் நினைத்தேன். சூடாமணி லட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"பாப்பா, எங்க வீட்ல எல்லாருமே செம்புத் தண்ணிதான் குடிச்சோம். எனக்குத் தங்காமப் போனதும் அதனாலதானா?"

"இல்லக்கா, நிச்சயமா இல்ல" என்றாள் சித்திகா. "மனுஷனுக்குக் கொஞ்சம் செம்பு வேணும். குடிக்கிற தண்ணிய அதுல வச்சுக் குடிச்சா அப்படியெல்லாம் ஆகாது. இது கடல் தண்ணி, அதான் இம்புட்டுக் கரைச்சிருச்சு. இந்தக் கூனிக்குத்தான் அது தாங்காது. அது வேற, இது வேற."

"அப்ப எனக்கு எதனால?"

சித்திகா என்னைப் பார்த்தாள். நான் லட்டு டப்பாவைப் பார்த்தேன்.

"டெஸ்ட் ஏதாவது எடுத்தாங்களாக்கா?" என்று சித்திகா மெதுவாகக் கேட்டாள்.

"எதுக்கு டெஸ்ட்டு? ராசின்னு சொல்லியாச்சே."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு தொட்டியில் திரிந்த குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"இதுக்கு உப்பு பாத்தீங்க, சூடு பாத்தீங்க. தொட்டிய மாத்துனீங்க. தண்ணிய மெட்ராசுக்கு அனுப்பிப் பாத்தீங்க. அரிசி அளவு பூச்சிக்கு முட்ட ஏன் விழுந்துச்சுன்னு சாருல இருந்து வாட்ச்மேன் வரைக்கும் எல்லாரும் தேடுனீங்க. தேடுனதுனால கெடச்சிருச்சு. எனக்கு மூணு தடவ போச்சேக்கா. ஒருத்தரும் தேடலையே."

சித்திகா அவள் கையைப் பிடித்தாள். லட்டுப் பொடி ஒட்டிய அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு சூடாமணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கையைக் கழுவிவிட்டு வந்து, கண்ணாடி ஜாடியைத் தூக்கி, கன்ட்ரோல் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றத் தொடங்கினாள்.